லாச்சப்பல் அன்னதானத்தில் கரண்டிப் பங்கீடு: குடும்பவியல் நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுக்களம்

பாரிஸ் 18ஆம் வட்டாரத்தில் லாச்சப்பல் பகுதியிலுள்ள ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கப்பட்டது. கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் தேரேறி லாச்சப்பல் வீதிகளைச் சுற்றி வருவார். வீதியில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்படும். குவித்த தேங்காய்கள் சிதறும். கடை வாசல்களில் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நடக்கும். தேரைப் பற்றியும் தேங்காயைப் பற்றியும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் வேண்டிய அளவு எழுதிவிட்டன. சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் வரிசைகட்டி நிற்கும் தொண்டர் குடும்பத்தை ஆய்வுலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

2. முன்னோர் சான்றுகள்

மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. குறையாத பாத்திரத்தைக் கழுவ வேண்டிய தேவையும் இல்லை என்பதை உரையாசிரியர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஆகவே அங்கே வேலை முடிந்தது என்று எவரும் கையுதறிப் போக வழியில்லை.

பிரெஞ்சுச் சான்றும் உண்டு. பெரிய வியாழனன்று பிரான்ஸ் மன்னர் 13 ஏழைச் சிறுவர்களின் காலைக் கழுவி உணவு பரிமாறுவது வழக்கமாக இருந்தது. இளவரசர்கள் தட்டுகளைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். குடும்பமாகத் தொண்டு செய்வதற்கு இதைவிட உயர்ந்த முன்னுதாரணம் கிடையாது. எனினும், தட்டுக் கழுவிய இளவரசரைப் பற்றி இவ்வாய்வாளர் எங்கும் படித்ததில்லை.

3. கண்டறியப்பட்ட விதிகள்

முதலாம் விதி: சோற்றுக் கரண்டி அப்பாவையே சேரும். வீட்டில் தண்ணீர்ச் செம்பு இருக்கும் இடம் அறியாத அவர், இங்கே முன்பின் தெரியாதவரிடம் “இன்னும் கொஞ்சம் விடட்டோ அண்ணை?” என்று மூன்று தரம் கேட்பார். “காணும், காணும்” என்ற மறுப்பு செல்லுபடியாகாது.

இரண்டாம் விதி: பருப்பும் கறியும் அம்மாவின் பொறுப்பு. அப்பா சோறு போடும் வேகத்தைக் கடைக்கண்ணால் அளந்து, கடைசி ஆளுக்கும் கறி மிஞ்சும்படி கையைச் சுருக்குவது அவரே. அன்னதானத்தின் பொருளாதாரம் முழுவதும் அந்தக் கையில்.

மூன்றாம் விதி: பள்ளிக்கூடம் போகும் மகள் வெளியுறவு அமைச்சர். உறைப்பு எவ்வளவு, இறைச்சி உண்டா என்று கேட்கும் பிரெஞ்சுக்காரருக்கு அவளே பதில் சொல்வாள். காசு வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் சிலர் பணப்பையைக் கையிலேயே வைத்திருப்பார்கள்.

நான்காம் விதி: அம்மம்மாவை ஒருவரும் நியமிப்பதில்லை. கதிரை போட்டு இருத்திய கணமே மேற்பார்வை தொடங்கிவிடும். “தம்பி, அந்தப் பிள்ளைக்கு அப்பளம் விழேல்லை!”

4. முரண்பாடு

மேற்கண்ட விதிகள் பிற்பகல் வரைதான் செல்லும். கூட்டம் கலைந்து, அடிப்பிடித்த கிடாரமும் கட்டாத குப்பைப் பைகளும் மிஞ்சும்போது புதிய விசை ஒன்று இயங்குகிறது. காலையில் ஒரு கரண்டிக்கு நான்கு பேர் போட்டியிட்ட இடத்தில், மாலையில் நான்கு கிடாரத்துக்கு ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு முதுகு பிடிக்கும். மகனுக்குப் பாடம் இருக்கும். இன்னொருவருக்கு வான் நிறுத்திய இடம் திடீரென்று ஞாபகத்துக்கு வரும். கழுவத் தொடங்குபவர், பெரும்பாலும் பருப்புப் போட்டவரே.

இது மனித இயல்பு என்று தள்ளிவிட முடியாது. சீக்கியரின் பொதுச் சமையற்கூடமான லங்கரில் சமைப்பது, பரிமாறுவது போலவே பாத்திரம் துலக்குவதும் சேவைதான்; வசதி படைத்தவரும் அங்கே தட்டுக் கழுவ நிற்பார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் பொபினியில் குருத்வாரா இருக்கிறது. ஐயமுள்ளவர் போய்ப் பார்க்கலாம்.

5. முடிவும் பரிந்துரையும்

பரிமாறுகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், வாழ்த்துகிறார்கள். அவருக்குரிய கூலி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆகவே தொண்டரைக் கரண்டியருகே எண்ணக் கூடாது, தண்ணீர்க் குழாயருகே எண்ண வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவு. அடுத்த தேருக்குக் குடும்பத்தோடு உதவ நினைப்பவர்கள் கரண்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய உடுப்போடு பின்னேரம் வாருங்கோ. அப்பாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கோ.