பட்டாளத்து டிரெய்லரைப் பாராட்டுகிறேன்

பட்டாளம் கழித்து ஏலத்தில் விடும் இரண்டு சக்கர டிரெய்லரைப் போல உறுதியான வண்டியை நான் பார்த்ததில்லை. இடித்தால் நசுங்காது, கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஓட்டலாம், ஐம்பது வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் சட்டம் சட்டமாகவே இருக்கும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதை வாங்கி, மேலே கூடாரமும் உள்ளே மெத்தையும் அடுப்பும் பொருத்தி, ஊர் சுற்றும் கேம்பராக மாற்றுகிறவர்கள் ஏராளம். அந்த ஆசை நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் வருகிறது. வரட்டும். வெல்டிங் பட்டறைக்கு இழுத்துப் போவதற்கு முன்னால் அந்த வண்டியின் பெருமைகளை விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சிக் கரிசலில் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட விரும்புகிறேன்.

1940-இல் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்துகொடுத்தது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் ஊரில் இருந்த பான்டம் கம்பெனி. பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. பான்டம் சோர்ந்து உட்காரவில்லை. அந்த ஜீப்பின் பின்னால் இழுபடும் கால் டன் டிரெய்லரைச் செய்தது. வெறும் வண்டி சுமார் 250 கிலோ. தொட்டிக்குள் தண்ணீர் புகாது. ஆற்றில் இறக்கினால் மிதக்கும். உள்ளே தேங்கியதை வடிக்க அடியில் திருகடைப்பான்கள் வைத்திருந்தார்கள். பாலம் தகர்க்கப்பட்ட ஆற்றைக் கடக்க வேண்டிய படைக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. படுக்கப் போகும் மனிதனுக்கோ, தண்ணீர் புகாத தொட்டியில் காற்றும் புகாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் குண்டாற்றங்கரையில் நமக்கு வேண்டியது மிதக்கும் தொட்டி இல்லை, காற்றோட்டம்.

அதற்கு அடுத்த தலைமுறை அமெரிக்க வண்டி எம்-101. முக்கால் டன் ரகம். காடுமேட்டில் ஏறக்குறைய 680 கிலோ சுமக்கும். நல்ல சாலையில் 1,000 கிலோவுக்கும் மேல். அதன் பட்டை வில்லைப் புகழாமல் இருக்க முடியாது. வெடிமருந்துப் பெட்டிகளை நிறைய அடுக்கினாலும் துவளாது. ஆனால் வில் என்பது சுமைக்குத் தக்கபடி வளைய வேண்டிய பொருள். ஒரு மெத்தை, ஒரு அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கேன், துணிமணி எல்லாம் சேர்த்து நூற்றைம்பது கிலோ வைத்தால் இந்த வில் அசையவே அசையாது. ஒவ்வொரு குழியிலும் வண்டி துள்ளி விழும். அலமாரிக் கதவு திறந்துகொள்ளும், கேஸ் குழாய் இணைப்பு தளரும். கேஸ் இணைப்பு தளர்ந்த வண்டிக்குள் குடும்பத்தோடு படுப்பது உயிர் போகிற விஷயம். பட்டைகளில் சிலவற்றைக் கழற்றி வில்லை மென்மையாக்கலாம். அப்புறம் அது பட்டாளம் செய்த உறுதியான வண்டி இல்லை. வெறும் வண்டியே 600 கிலோ, பழைய மாருதி 800 காரைப் போல. நமக்குத் தேவைப்படாத அந்த உறுதிக்காக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டீசல் ஊற்ற வேண்டும்.

இரும்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கனமான தகட்டை மடித்து, மூலைக்கு மூலை பற்றவைத்திருக்கிறார்கள். மரம் போல உளுக்காது, கரையான் அண்டாது. சித்திரை வெயிலில் திருச்சுழிப் பக்கம் பகல் முழுக்க நின்ற இரும்புத் தகட்டில் கை வைக்க முடியாது. பொழுது இறங்கிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். மரநிழலில் நிறுத்தலாமே என்றால், கண்மாய்க் கரை தொட்டுத் தரிசு வரைக்கும் நிற்பது சீமைக் கருவேலம். அதன் நிழல் கிழிந்த நிழல், அதன் முள் டயரைத் தேடி வரும். மார்கழியில் கதை தலைகீழ். வெளியே பனி இறங்க, உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிச் சொட்டும். இதைத் தடுக்கத் தெர்மாகோலும் ப்ளைவுட்டும் உள்ளே ஒட்டினால் எடை ஏறும், இடம் குறையும். கால் டன் வண்டியில் தொட்டியின் நீளமே ஆறடிதான். ஐப்பசி மழையில் கரிசல் நனைந்தால் இந்த எடை எங்கே போய் நிற்கும் என்பதை நம் பக்கத்தில் உழுதவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அச்சு வரைக்கும் புதையும். டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

கொக்கி வளையமும் அப்படியே. மேட்டிலும் பள்ளத்திலும் முறியாமல் சுழலும் தடித்த இரும்பு வளையம். லாரியின் கொக்கிக்குள் ஆடிக்கொண்டே வருவதற்காகவே வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். தார்ச்சாலையில் காருக்குப் பின்னால் அதே இடைவெளி நிறுத்தும்போதெல்லாம் முதுகில் குத்தும். விளக்கு 24 வோல்ட், காரில் இருப்பது 12. அதை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

அந்தப் பச்சை நிறத்துக்காகவே வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறெந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. அதனால் முதல் வேலை அந்த அழகைச் சுரண்டி எடுப்பது. மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் இணைய ஏலத்தில் எடுத்தாலும், பதிவுக்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்ட 21-ஆம் எண் படிவம் கையில் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. பட்டறைக் கூலி கொடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஊர் ஊராகப் போய்த் தங்குவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு தஞ்சைப் பக்கம் வரை போய், அறுத்த வயலில் கிடை போட்டு, மாதக்கணக்கில் வெட்டவெளியில் வாழ்ந்தவர்கள். தார்ப்பாய், பாய், பாத்திரம், பட்டி வலை, குட்டிகளை மூடிவைக்கும் கூடை, அவ்வளவுதான் வீடு. எதை எடுத்துப் போவது என்பதைவிட எதை விட்டுப் போவது என்று அறிந்தவர்கள் அவர்கள். கேம்பர் செய்ய நினைக்கிற தம்பிகள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூட்டையை. அருப்புக்கோட்டையில் பெட்டிக்குழாயை அளந்து வெட்டி, இலேசான சட்டம் அடித்து, நான்கு பக்கமும் திறக்கிற கித்தான் கூரை போடுவதற்குத் தேர்ந்த கைகள் இருக்கின்றன. நம் வெயிலுக்கு அந்த வீடு போதும். அதற்கும் பதிவு உண்டு, விதி உண்டு. அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

அப்படியானால் பட்டாளத்து டிரெய்லர் எதற்கு? அந்தப் பட்டாளமே பதில் வைத்திருக்கிறது. அமெரிக்க இராணுவம் ஒன்றரை டன் டிரெய்லர் மேல் 400 காலன், அதாவது 1,500 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் தொட்டியை வைத்துப் படைக்குக் குடிநீர் கொண்டுபோனது. எம்-101 போன்ற முக்கால் டன் வண்டியில், உள்ளே குறுக்குத் தடுப்பு வைத்த 600 லிட்டர் தொட்டி ஏற்றலாம். நாற்பது குடம் தண்ணீர். அந்தச் சுமையில் வில் சரியாக வேலை செய்யும், தடித்த சட்டத்துக்கு அர்த்தம் இருக்கும், துள்ளல் அடங்கும். கோடையில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்கு நடக்கிற பெண்களை விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் இன்றும் பார்க்கலாம். ஏலத்தில் உங்களுக்கு ஒரு டிரெய்லர் விழுந்தால், அதில் மெத்தை போடாதீர்கள். தொட்டியை ஏற்றி ஊராட்சிக்குக் கொடுங்கள்.