டெல்டாவில் பிக்கப் வண்டியின் பின்புறம் உயர்த்தல்: ஓர் ஆய்வு முன்னுரைக்கு முன்னுரை

ஆஸ்திரேலியாவில் பிக்கப் வண்டியை உயர்த்துகிறவர்கள் பாறையில் ஏற உயர்த்துகிறார்கள். 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏஆர்பி போன்ற கம்பெனிகள் இரண்டு அங்குல ‘லிஃப்ட் கிட்’டைப் பெட்டியில் போட்டு உலகெங்கும் அனுப்புகின்றன. காவிரி டெல்டாவில் ஏறுவதற்குப் பாறை கிடையாது. கிடைத்த கல்லையெல்லாம் 1010-லேயே ராஜராஜன் 216 அடிக்கு அடுக்கி முடித்துவிட்டான். அதன்மேல் வண்டி ஏற்றத் தொல்லியல் துறை விடாது. பிறகு இங்கே ஏன் உயர்த்துகிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. தானாக எழாவிட்டால் எழுப்பிவிடுவது ஆய்வாளன் கடமை.

இப்பொருள் குறித்து முந்தைய ஆய்வுகள் எதுவும் இல்லை. இருந்தும் அவை அனைத்தும் மேலோட்டமானவை.

தோற்றக் காலம் பற்றி இரு கட்சிகள் உண்டு. 2005-இல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயரெடுத்த பிறகே என்பது ஒரு கட்சி. சோழர் காலமே என்பது மறுகட்சி. கீழடியில் இதுவரை ஒரு ஸ்பிரிங் பட்டைகூட அகப்படவில்லை. அக்காலத்துப் பட்டைகள் உடையவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சிரிக்க வேண்டாம். இதே தர்க்கத்துக்கு டாக்டர் பட்டம் கொடுத்த ஊர் இது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியும் ஸ்பிரிங் பொருத்தாதது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

உயர்த்தும் முறைகள் நான்கு. பட்டைக் கொள்கை: இருக்கிற பட்டைகளோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டுவது. கட்டைக் கொள்கை: அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீள யு-போல்ட்டால் இறுக்குவது, செலவு குறைவு, ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு மாறி ஜாயிண்ட் கிராஸ் சீக்கிரம் தேயும். டயர்க் கொள்கை: பணக்காரர்களுடையது. அடிக் கொள்கை: பட்டையைக் கழற்றிப் பட்டறைக் கல்லில் போட்டுச் சம்மட்டியால் முனையிலிருந்து முனைவரை வரிசையாக அடித்து, போன வளைவை மீட்பது. அடிக் கொள்கையினர் பேச மாட்டார்கள், அடிப்பார்கள். இவற்றில் பட்டைக் கொள்கையே ஆராய்ச்சி உலகுக்கு நெருக்கமானது. கட்டுரை தொய்ந்தால் நாமும் அடியில் பத்து அடிக்குறிப்பு சேர்த்துக் கட்டுகிறோம். சரக்கு கூடுவதில்லை, நிமிர்ந்து தெரிகிறது.

அளவையியல் தனிச் சிக்கல். பட்டறைக்காரர் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையைச் செருகி, “நாலு விரக்கடை இருக்கு, ஆறாக்கிடலாமா?” என்றார். யாருடைய விரல் என்று கேட்டேன். பதிலுக்கு என் விரலைப் பார்த்தார்.

சட்டம்: 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனி வரையறுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்றது, பட்டறையில் அன்று கரண்ட் இல்லை.

இனி என் சொந்தக் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை 40 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது. அறுவடையில் மழை பிடித்தால் 22 ஆக்கச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். தில்லியிலிருந்து குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும். தேவையே இல்லை. 17 சதவீதத்தில் 40 கிலோ நிற்கிற நெல், 22-இல் ஏறக்குறைய 42½ கிலோ. ஒன்றரை டன் வண்டிக்கு 37 மூட்டை கணக்கு (கணக்கு மட்டும்தான்). ஆக, கூடுதலாக ஏறுவது சுமார் 95 கிலோ, அத்தனையும் தண்ணீர். 2018-இல் தமிழகத்துக்குத் தீர்ப்பான 177.25 டிஎம்சி-யில் இந்த 95 கிலோ அடக்கமா, தனியா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

அந்தத் தண்ணீரை முதலில் உணர்வது பட்டை. எனவே வண்டியின் பின்புறமே உண்மையான ஈரமானி. மூன்று நிலைகள் உள. காலி வண்டி பின்புறம் தூக்கி, பள்ளத்துக்குப் பள்ளம் குதிப்பது வாலுயர் நிலை (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது முனை). 17 சதவீதத்தில் தரைக்கு இணையாக நிற்பது சமநிலை. இதை யாரும் கண்டதில்லை. மூன்றாவதில் பின்புறம் அமுங்கி, ஹெட்லைட் பனைமர உச்சியைத் தேடும், கொள்முதல் நிலைய வாசலில் நாலு நாள் வரிசையில் நின்ற வண்டிகளில் இது முற்றிய வடிவில் கிடைக்கும் (காண்க: நீடாமங்கலம் ரயில்வே கேட் வாய்மொழி மரபு, முதல் தொகுதி, சரக்கு ரயில் போகும்வரை, இரண்டாம் தொகுதி, இன்ஜின் திசை மாறித் திரும்பும்வரை, உரை: இஞ்சி மரப்பா விற்றவர், மறுப்புரை: வேர்க்கடலை விற்றவர், இரண்டும் கேட் திறந்ததால் முற்றுப் பெறவில்லை).

மேற்கண்ட அனைத்தையும் ஒரு நொடியில் தள்ளுபடி செய்யும் அதிகாரம் மூட்டை தூக்குகிறவருக்கு உண்டு. வண்டித்தளம் நெஞ்சளவில் இருந்தால் தோளைச் சாய்த்தாலே மூட்டை தானாக உருண்டு உள்ளே விழும். இரண்டு அங்குலம் கூடினால் கழுத்தால் எக்கித் தள்ள வேண்டும். நாளுக்குச் சில நூறு மூட்டைக்கு எக்க வேண்டும். புதிதாக உயர்த்திய வண்டி ஒன்றின் தளத்தில் நெஞ்சை வைத்துப் பார்த்த ஒருவர், ஓட்டுநரிடம் சொன்னது: “அண்ணே, மூட்டைக்கு ரெண்டு ரூவா சேத்துக் குடுங்க. இல்லாட்டி வண்டிய வாய்க்காலுக்குள்ள எறக்கி நிறுத்துங்க, நாங்க கரையில நின்னு போடுறோம்.” (மேற்கோளின் பிற்பகுதி, ஆய்வேட்டின் கண்ணியம் கருதி, விடப்பட்டது.)