மஞ்சப்பையில் மூன்று மூட்டை

2021-இல் நானோ யூரியா வந்தது. அரை லிட்டர் பாட்டில், 45 கிலோ மூட்டைக்குச் சமம் என்றார்கள். முதுகொடிய மூட்டை சுமந்தவனுக்கு மஞ்சப்பையில் உரம், கசக்குமா? கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது. மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், சுமார் 20 கிலோ. முதலில் வந்த பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். மிச்சத்தைத் துகளின் நுண்மை பார்த்துக்கொள்ளுமாம். இலையில் தெளித்தால் நேரே உள்ளே போய்விடுமாம். இதெல்லாம் நெல்லுக்குத் தெரியுமோ என்னவோ, உரக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"மூட்டை வேணும்னா கூடவே ஒரு பாட்டில் எடுத்துக்கணும்ணே" என்றார், பில்லிலிருந்து தலை நிமிராமல்.

பரணில் இப்போது மூன்று பாட்டில்கள், மூடி திறக்காமல். அவர்கள் கணக்குப்படி, பரணில் 135 கிலோ யூரியா.