உஷா ஐயர் கெட்டுப்போன கதை

பம்பாய் பைகுல்லாவில் லோக்கல் ரயில் ஏறினால் சின்ச்போக்லி, கரி ரோடு, பரேல், தாதர், அப்புறம் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா. உஷா ஐயர் 1947 நவம்பரில் பிறந்து, வளர்ந்தது பைகுல்லா போலீஸ் குவார்ட்டர்ஸில். அப்பா சோமேஸ்வர் சாமி போலீஸ் அதிகாரி. அவருக்கு மாட்டுங்காவில் ஜாகை கிடைத்திருந்தால் சரித்திரமே வேறு. பஜனை சமாஜத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டு மாமி, ஆறு வயதில் சரளி வரிசை, பதினாறில் கொலுவுக்குக் கொலு அலைச்சல், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனை, சுபம்.

பைகுல்லாவில் பாட்டு மாமிக்குப் பதில் ரேடியோதான் கிடைத்தது. கான்வென்ட் பாட்டு வகுப்பிலோ, குரல் மற்றப் பிள்ளைகளின் கீச்சுக்குரலோடு ஒட்டவில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மனம் கேட்காத டீச்சர், கையில் டிரையாங்கிளைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். ஒன்பது வயதில் ரேடியோ அறிவிப்பாளர் அமீன் சயானி அந்தக் குரலை ரேடியோ சிலோனில் ஏற்றினார். பெண் அங்கேயே கைமீறிப் போய்விட்டாள்.

1969. பாரிஸில் பிரிஜித் ஃபொன்தேன் என்ற பெண்மணி பாட்டில் புதுமை செய்துகொண்டிருந்தார். நாட்டுப்பாட்டா, ஜாஸா, வெறும் முணுமுணுப்பா என்று யாருக்கும் பிடிபடாத ரகம். துணைக்கு இசைக்காரர் அரெஸ்கி பெல்காசெம். அது போதாதென்று சிகாகோவிலிருந்து வந்த ஆர்ட் என்செம்பிள் என்ற ஜாஸ் கோஷ்டி. நம் உஷாவுக்கு அவ்வளவு செலவு ஆகவில்லை. அதே வருடம் மெட்ராஸ் மவுண்ட் ரோடில், சஃபையர் தியேட்டர் வளாகத்து 'நைன் ஜெம்ஸ்' நைட் கிளப்பில், புடவையைக் கட்டிக்கொண்டு மேடையேறி இங்கிலீஷ் பாட்டுப் பாடினார். கிளாஸும் கையுமாக இருந்த கனவான்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்: வீட்டிலிருந்து தேடிக்கொண்டே வந்துவிட்டாளோ! முதலாளி மட்டும் தெளிவாக இருந்தார். ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார்.

அப்புறம் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட், டிரிங்காஸ் ரெஸ்டாரன்ட். கல்யாணத்தில் ஐயர் போய் உதுப் வந்தது. 1971-ல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா', பிறகு 'ஷான்', 'அர்மான்', 'டிஸ்கோ டான்சர்' என்று இந்தி சினிமா.

எண்பதுகளில் மேற்கு வங்கத்தின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, இந்தப் பாட்டெல்லாம் கலாச்சாரச் சீரழிவு என்று கண்டுபிடித்தார். ரோடு, பாலம் போக நேரம் மிஞ்சியிருக்க வேண்டும். அரசு அரங்கில் உஷா பாடக்கூடாது என்றார். உஷா கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். வங்காளத்தின் மேல் கோபம் ஏதும் இல்லை. அவருடைய நெற்றிப் பொட்டில் வங்காள 'க' எழுத்தே இருக்கும், கல்கத்தாவுக்காக. காலில் கான்வாஸ் ஷூ. 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண்.

தமிழ்நாடு சும்மா இருந்ததா? 1975-ல் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் அவரை இங்கிலீஷில் பாட வைத்தார்கள். டைரக்டர், 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி.நாகராஜன். இசை, நெற்றி நிறைய விபூதி பூசிய குன்னக்குடி வைத்தியநாதன். உஷா கெட்டுப்போனார் என்று இன்னும் நினைக்கும் மாட்டுங்காக்காரர்கள், பட்டியலில் இந்த இருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.