பில் கவுண்ட்டர் பத்திரிகைகளின் பிரமாணம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

காண்டல், கருதல், உரை என அறிவுக்கு மூன்று வழி வகுத்த நம் அளவை நூலார் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் பில் போட வரிசையில் நின்றதில்லை. நின்றிருந்தால், சூயிங்கத்துக்குப் பக்கத்தில் தொங்கும் தாள்களைக் கண்டு நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் 'வீக்லி வேர்ல்டு நியூஸ்'. 'நேஷனல் என்குவைரர்' வண்ண அச்சுக்கு மாறியபோது கறுப்பு வெள்ளை இயந்திரம் சும்மா கிடந்தது. அதற்கு வேலை கொடுக்க முதலாளி ஜெனரோசோ போப் 1979இல் இதைத் தொடங்கினார். இயந்திரம் இருந்தது, செய்தி பிறகு வந்தது. காரணம் முன், காரியம் பின் என்ற விதி இங்கே பழுதில்லாமல் நிற்கிறது. 1992இல் மேற்கு வர்ஜீனியாவின் குகையில் வௌவால் பையன் அகப்பட்டான். எல்விஸ் உயிரோடு உலவினார். வேற்றுக்கிரகவாசி அதிபர் தேர்தலில் தம் ஆதரவை அறிவித்தார். 2007இல் அச்சு நிற்கும்வரை தரம் குறையவில்லை. இதழைக் கையில் எடுக்கும்போதே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். சொன்ன சொல் மாறாத பொய் என்ற வகையில் இதற்கு நூற்றுக்கு நூறு.

ஈண்டு ஒரு தடை எழுப்புவர்: பொய்யை எப்படி நம்புவது? நம்பச் சொல்லவில்லை, நம்பலாம் என்றுதான் சொன்னோம்.

சிக்கல் என்குவைரரிடம்தான். அது சில சமயம் உண்மை சொல்லிவிடும். நடிகை கேரல் பர்னெட் குடித்துவிட்டு உணவகத்தில் கலாட்டா செய்ததாகத் தோன்றும்படி எழுதியதற்காக, 1981இல் ஜூரி 16 லட்சம் டாலர் தண்டம் விதித்தது (பின்னர் குறைக்கப்பட்டது). சரி, பொய்ப் பத்திரிகை என்று ஆய்வாளன் முடிவுகட்டப் போகும்போது, தாம் அணிந்ததே இல்லை என்று, கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஓ.ஜே. சிம்ப்சன் சாதித்த காலணியோடு அவர் நிற்கும் படத்தை 1996இல் அது அச்சிடுகிறது. முன்னாள் செனட்டர் ஜான் எட்வர்ட்ஸின் கள்ளத்தொடர்பை 2007இல் எழுதுகிறது. கண்ணியமான நாளேடுகள் மூக்கைப் பொத்திக்கொள்கின்றன. அவரும் மறுக்கிறார், 2008 ஆகஸ்டில் ஒப்புக்கொள்கிறார். இப்படி ஆளை அலைக்கழிக்கும் ஏட்டை எந்த அட்டவணையில் அடைப்பது?

விடை 2024இல், நியூயார்க் நீதிமன்றத்தில் கிடைத்தது. செனட்டர் டெட் க்ரூஸின் தந்தையை, அதிபர் கென்னடியைச் சுட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டுடன் சேர்த்து 2016இல் வந்த கதை ஒட்டுவேலை என்று, அப்போதைய பதிப்பாளர் டேவிட் பெக்கரே சாட்சிக் கூண்டில் சொன்னார். அச்சில் வராதவை பற்றியும் சொன்னார். அதே 2016இல் ஒரு மாடலின் கதை வெளிவராமல் தடுக்க அவருடைய நிறுவனம் 1,50,000 டாலர் கொடுத்திருந்தது.

நாமறிந்தவரை எந்த வௌவால் பையனையும் யாரும் காசு கொடுத்து மறைக்கவில்லை. ஆகையால் என்குவைரரில் அச்சேறியவற்றுக்குப் பாஸ் மார்க்கும், அச்சேறாதவற்றுக்கு முதல் வகுப்பும் வழங்கித் தீர்ப்பளிக்கிறோம்.