யோகா பிடித்தவர்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று இருந்தால் லிஃப்ட் ஒன்று, மோட்டார் ரூம் ஒன்று, இவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கோயம்புத்தூரில் பிளாக்குக்கு ஒருவர். ஊர் அமைந்த விதம் அப்படி. மேற்கே வண்டியை விட்டால் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 112 அடி உயர ஆதியோகி. தெற்கே பொள்ளாச்சியைத் தாண்டினால் ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில். இரண்டுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு ரிட்டயரும் ஆகிவிட்ட மனிதரை யோகா பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

நம்மவர் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். ரிங் ஃபிரேம் இரைச்சலை மீறி ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார், குரல் பெறவில்லை. பிரஷர் ஏறி, டாக்டரிடம் போனபோது அவர், "கொஞ்சம் வாக்கிங், கொஞ்சம் யோகா" என்றார். அந்தக் 'கொஞ்சம்' இவர் காதில் விழவில்லை. கவனிப்பது எப்படி என்று அதற்குப் பிறகுதானே கற்றுக்கொண்டார்!

முதலில் வந்தது விரிப்பு. அவருடைய அப்பா காலத்துப் பவானி ஜமுக்காளம் ஒன்று பரணில் நன்றாகவே இருந்தது. அது வழுக்கும் என்று ஆன்லைனில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ரப்பர் மேட் வந்தது. பிறகு வெள்ளை பைஜாமா, செம்புச் சொம்பு, மூக்கைக் கழுவ மூக்கு வைத்த இன்னொரு பாத்திரம். விடியற்காலை நாலரைக்குப் பிராமரி தொடங்கும். காதைப் பொத்திக்கொண்டு வண்டுபோல் ரீங்காரம் செய்கிற பிராணாயாமம் அது. மில் குரலில் வண்டு எப்படி இருக்கும்? முதல் வாரத்திலேயே கீழ்வீட்டுக்காரர், மோட்டாரில் ஏர் பிடித்துவிட்டது என்று பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த மட்டில் நின்றிருந்தால் இவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்கிறவர்கள் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். யாருக்கும் தொந்தரவு கிடையாது. நம்மவருடைய கொள்கை வேறு. "ஒரு மணி நேரம் யோகா, மீதி 23 மணி நேரம் பழைய ஆளுன்னா அது யோகா இல்லீங்க, டிரில்" என்பார். இதற்கு அவர் இழுக்கும் சாட்சி பலமானது. வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியும் தொழிலுமாக இருந்து, பிறகு மனவளக்கலையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அவர் சொன்னது குடும்பஸ்தனுக்கான யோகம். காட்டுக்குப் போகவேண்டியதில்லை, வீட்டிலேயே முடியும். நம்மவர் இதை விளக்கும்போதெல்லாம் அவர் வீட்டம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். காடும் ஒன்றும் மோசமான இடமில்லையே என்று அந்த முகம் சொல்லும்.

மைண்ட்ஃபுல்னஸ் வந்தது மகன் வழியாக. மகனுடைய கம்பெனியில் எட்டு வார வகுப்பு வைத்தார்களாம். இதன் மூலம் அமெரிக்கா. 1979-இல் ஜான் கபட்-ஜின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காகத் தொடங்கியது. பௌத்த தியானத்தை எடுத்து, மதத்தைக் கழித்து, எட்டு வாரத்துக்கு அளவாக வெட்டித் தைத்தார். ஆக புத்தர் கப்பலேறிப் போய், பாடத்திட்டமாக மாறி, மகனுடைய லேப்டாப் வழியாகப் பீளமேட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்.

அந்தப் பாடத்தில் உலர்திராட்சைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு திராட்சை. இதுவரை அப்படியொரு வஸ்துவைக் கண்டதே இல்லை என்பதுபோல் அதைப் பார்க்கவேண்டும், விரலால் உருட்டவேண்டும், மோந்து பார்க்கவேண்டும், காதருகே வைத்துக் கேட்கவும் வேண்டும். கடைசியில்தான் வாய். தனி அறையில் செய்தால் நல்ல பயிற்சிதான். நம்மவர் அதை அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில், முகூர்த்தம் முடிந்த முதல் பந்தியில் செய்தார்.

பாயசத்தில் மிதந்த திராட்சையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் சட்டென்று தன் பாயசத்தைக் குனிந்து பார்த்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். வரிசை முழுக்க டம்ளர்கள் கீழே இறங்கின. இவர் திராட்சையைக் காதருகே கொண்டுபோய் லேசாக நசுக்கினார். எதிர்வரிசை அம்மா ஒருவர் குரலைத் தாழ்த்தி, "உசுரோட இருக்குங்களா?" என்று கேட்டார். சமையல் காண்ட்ராக்டர் ஓடி வந்தார். "ஏனுங்கய்யா, ஏதாச்சும் கொறைங்களா?" நம்மவர் கண்ணை மூடியபடி, பொறுங்கள் என்று இடது கையை உயர்த்தினார். சாப்பாட்டுப் பந்தியில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான். பெண்ணுக்குத் தாய்மாமன் வந்தார், மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். சம்பந்திகள் இரண்டு பக்கமும் நிற்க, கண்ணைத் திறந்தவர் சொன்னார்: "இதுக்குள்ள வெயில் இருக்குதுங்க. மழை இருக்குதுங்க."

"ஈரமெல்லாம் இருக்காதுங்கய்யா, நேத்துத்தான் புதுப் பாக்கெட் ஒடச்சது" என்றார் காண்ட்ராக்டர்.

அதற்குள் இரண்டாம் பந்திக்காரர்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தார்கள். மேஜைக் காகிதத்தை இலையோடு சேர்த்து ஒரு கோடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வருகிற பையன் இவரிடம் வந்து நின்றான். அவன் கையில் முப்பது பேருடைய சாப்பாட்டு மிச்சம் சுருளாகக் கனக்கிறது. இவர் முன்னால் இன்னும் ரசம்கூட வரவில்லை. அந்தப் பையன் நின்ற நிலை இருக்கிறதே, மூச்சைக்கூட அளந்துதான் விட்டான். எட்டு வார வகுப்பு எதிலும் அவன் சேர்ந்திருக்க நியாயமில்லை.

வீட்டில் இதே கதை டம்ளரோடு நடக்கும். வியட்நாம் துறவி திக் நாட் ஹான், பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவது மட்டுமே நடக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். நம்மவர் இதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்த நாளில் வீட்டம்மா மகிழ்ந்துதான் போனார், ஒரு கால் மணி நேரம். அதற்குள் அவர் கழுவியிருந்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். சிறுவாணித் தண்ணீர் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுக் குளிர்ச்சியை உணர்ந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பால் அன்றைய பாடத்தில் இல்லை. அம்மா ஒரு கையால் அடுப்பை அணைத்து, மறு கையால் குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, அந்த டம்ளருக்கு மோட்சம் குடுத்தாச்சுன்னா, அந்தக் குண்டாவையும் கொஞ்சம் பாருங்க."

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம்மவர் ஒரு நேரத்தில் ஒரே வேலையில் முழுக் கவனம் வைக்கிறார். ஆனால் வீட்டில் ஒரே நேரத்தில் ஏழு வேலை நடக்கிறது. குக்கர் விசில், கேஸ் சிலிண்டர்காரர், பேரனின் ஸ்கூல் வேன், மாடித் தொட்டி நிரம்பும் சத்தம் என்று மீதி ஆறிலும் கவனம் வைக்க வேறு யாராவது வேண்டும். ஒருவர் ஒருமுகப்பட்டால் மற்றவர்கள் ஆறுமுகமாகத்தான் ஆகவேண்டும். ஆசிரமங்களில் இதற்குச் சீடர்கள் இருந்தார்கள். குருவுக்குச் சமாதி கூடும்போது மாட்டைக் கட்ட ஆள் இருந்தது. இல்லறத்தான் யோகத்தில் அந்தச் சீடர் வேலை யார் தலையில் என்று எந்தப் புத்தகமும் பிரித்துச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. பதவி உயர்வு பெற்றிருக்கிறது. முன்பு பேப்பர் நனைந்து வந்தால் கத்துவார். பேப்பர் பையன் இரண்டு படியில் ஒரு படியாகத் தாவி மறைவான். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்போது பையனை நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விடுகிறார். "நான் கோபப்படல தம்பி. எனக்குள்ள வர்ற கோபத்தைக் கவனிச்சுட்டு இருக்கேன்." பையனுக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. மருமகள் ஒருநாள் போனில் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "மாமா கோபத்தைக் கவனிக்கறாருங்கம்மா. நாங்க மாமாவைக் கவனிச்சுட்டு இருக்கறோம்."

சிகப்பு விளக்கும் ஒரு தியான மணிதான் என்றும் அதே துறவி சொல்லியிருக்கிறார். நம்மவர் அதை ஸ்கூட்டரில் கடைப்பிடிக்கிறார். சிகப்பில் மூச்சை உள்ளே இழுப்பார். விடுவதற்குள் பச்சை வந்து, போய்விடும். வேறு ஊராக இருந்தால் பின்னாலிருந்து வருகிற வார்த்தையில் ஏழு சக்கரமும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். எங்கள் ஊரில் பின்வண்டிக்காரர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, வண்டி எடுக்கறீங்களா, எறங்கித் தள்ளட்டுங்களா?" என்பதோடு சரி.

எதைக் கேட்டாலும் "அஞ்சாயிரம் வருஷத்துப் பழசுங்க" என்று ஒரு முத்திரை குத்துவார். இதில்தான் எனக்குக் கொஞ்சம் வாய் அரிக்கும். இவர் தினமும் போடுகிற 12 நிலைச் சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர் மகாராஷ்டிரத்தில் ஔந்த் சமஸ்தானத்து ராஜா; நூறு வருஷக் கதை அது. பதஞ்சலியின் சூத்திரங்கள் இருநூற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. தலைகீழாக நிற்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இன்று உலகம் முழுக்க வியர்க்க வியர்க்கச் செய்கிற ஆசன வரிசைகளில் பாதிக்கு, மைசூர் அரண்மனையில் 1930-களில் பாடம் சொன்ன கிருஷ்ணமாச்சாரியாரும் அவருடைய மாணவர்களான பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும்தான் பொறுப்பு. கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் குடியிருந்து, நூறு வயது பார்த்து, 1989-இல் காலமானார். இதையெல்லாம் ஒருநாள் ஒப்பித்தேன். நம்மவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தகவல் வேற, அனுபவம் வேறங்க" என்றார். கூடவே, "திருமூலர் மூணாந் தந்திரத்தைப் பாருங்க, மூச்சுப் பயிற்சி அங்கயே இருக்குது" என்றார். இருக்கிறது. மூச்சு விஷயத்தில் அவர் கட்சிதான் ஜெயிக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். போன மாதம் ஒரு துக்க வீட்டில் எல்லோருக்கும் கீழே ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அவரைவிட இளையவர்கள் நாங்கள் நாலைந்து பேர், பிளாஸ்டிக் சேர் எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தோம். இவர் நேராகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இறந்தவரின் மகன் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம், முதுகு சாயாமல், மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். எழுந்தபோது தரையில் கை ஊன்றவில்லை. பிரஷர் மாத்திரையையும் டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறாராம். ஆனால் அந்தச் செய்தியை அவர் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரத்தில் கேட்கிறவர் பிரஷர் ஏறிவிடுகிறது.

சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புச் சண்டை உச்சத்துக்குப் போகும்போது, "ரெண்டு நிமிசம் எல்லாரும் மூச்சைக் கவனிப்போமுங்களா?" என்று எழுந்து நிற்பார். பொருளாளருக்கு இதில் ஏக மகிழ்ச்சி. அந்த இரண்டு நிமிஷத்தில்தான் போன வருஷத்துக் கணக்கு நிறைவேறியது.

2015-இலிருந்து ஜூன் 21 யோகா தினம் ஆகிவிட்டதே, அன்றைக்கு மொட்டை மாடியில் இவர் தலைமையில் நிகழ்ச்சி உண்டு. போட்டோ எடுக்கிறவரைக்கும் கூட்டமும் உண்டு. இந்த வருஷம் அதைத் தினசரி வகுப்பாக்கினார். முதல் நாள் பதினோரு பேர். வாரக் கடைசியில் ஒரே ஒரு மாணவர் மிஞ்சினார்: எங்கள் வாட்ச்மேன். அவரால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாதே. வத்தலக்குண்டுப் பக்கத்து மனிதர். பகலில் ஒரு காம்ப்ளெக்ஸ், இரவில் இங்கே என்று இரண்டு டூட்டி. அவரைச் சவாசனத்தில் படுக்கச் சொன்னார் நம்மவர். கால் விரல் தளர்கிறது, முட்டி தளர்கிறது என்று இடுப்புக்கு வருவதற்குள் குறட்டை கேட்டது.

கீழே கேட்டில் வாடகைக் கார் ஒன்று ஹாரன் அடித்தது. முதல் மாடியிலிருந்து ஒருவர், "வாட்ச்மேன்!" என்று கத்தினார். நம்மவர் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து, "ஆழ்ந்த நெலையில இருக்காருங்க, எழுப்பக் கூடாது" என்றார். ஹாரன் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்யாத அந்த நாளில் நாலு மாடியும் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தார்.

டிரைவர் கண்ணாடியை இறக்கினார். "ஏனுங்கண்ணா, புதுசா சேர்ந்திருக்கீங்களா? பி பிளாக் எந்தப் பக்கமுங்க?"

நம்மவர் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விட்டார். பிறகு மேஜை மேலிருந்த நோட்டை எடுத்து நீட்டி, "வண்டி நம்பர் எழுதிட்டுப் போங்க" என்றார்.