ஸ்பானிய ஏவல்வினை: முழுமுற்றான ஓர் ஆய்வின் முன்னுரைக்கு முன்னுரை

பிறரை வேலை வாங்குவது எப்படி என்பது ஆதிமுதல் அறிஞர்களை அலைக்கழிக்கும் வினா. (அறிஞர்களிடம் யாரும் வேலை வாங்கியதில்லை என்பது வேறு விஷயம்.) ஈண்டு ஸ்பானிய மொழியின் ஒழுங்கான வினைகளையும் அவற்றின் உடன்பாட்டு ஏவலையும் மட்டுமே ஆராய்வோம். எதிர்மறைக்குத் தனி மானியம் வேண்டும்.

மரியாதை ஏவல்: 'அப்லார்', அதாவது பேசுதல், 'ஆப்லே' ஆகும், 'கோமேர்', அதாவது உண்ணுதல், 'கோமா' ஆகும். ஆகாரம் இருந்த இடத்தில் ஏகாரம், ஏகாரம் இருந்த இடத்தில் ஆகாரம். மரியாதையாவது உயிரெழுத்தை இடம் மாற்றி வைப்பதே என்க.

அர்ஜென்டினா ஏவல்: அழுத்தம் கடைசி அசைக்கு ஓடிவிடும். ஓடட்டும்.

'நீ' ஏவல்: இங்கேதான் வம்பு. "அவன் பேசுகிறான்" என்பதும் 'ஆப்லா'. "டேய், பேசு" என்பதும் 'ஆப்லா'. செய்தியா கட்டளையா என்பது தொண்டையைப் பொறுத்தது. இதில் வசமாக மாட்டிக்கொண்டது, 1713இல் மாட்ரிட்டில் தோன்றிய ராயல் ஸ்பானிய அகாதெமியே. அதன் இலச்சினை வாசகம் 'லிம்பியா, ஃபிகா இ தா எஸ்ப்லெந்தோர்': அகாதெமி மொழியைத் துலக்குகிறது, நிலைநிறுத்துகிறது, பொலிவூட்டுகிறது. மூன்று வினையும் 'நீ' ஏவலாகவும் அப்படியே நிற்பதால், "துலக்கு, நிறுத்து, பளபளக்க வை" என்றும் படிக்கலாம். யார் யாரை ஏவுகிறார்? எஜமானி வேலைக்காரியை என்பாரும் உளர் (காண்க: இதே பத்தி, மேலே). அகாதெமி மக்களை என்பாரும் உளர் (காண்க: முன் அடைப்புக்குறி, குறிப்பாக அதன் இடப்பாதி). மக்களே அகாதெமியை ஏவுகிறார்கள் என்பது அடியேன் துணிபு (காண்க: ஆசிரியரின் வெளிவராத நூல், அதை மறுத்து ஆசிரியரே எழுதிய வெளிவராத மறுப்பு, அம்மறுப்பின் பிழைதிருத்தம், அதில் உள்ள அச்சுப்பிழை). 'தா' ஒழுங்கற்ற வினையாயிற்றே எனின், இவ்விடத்தில் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது.

பன்மை ஏவல்: ஸ்பெயினில் நெருங்கியவர் பலரை ஏவும்போது ஈற்று 'ர்' போய் 'த்' வரும்: 'அப்லாத்', 'கோமேத்'. லத்தீன் அமெரிக்காவில் இது பேச்சில் இல்லை. பாடநூலில் இருந்தே தீரும். மாட்ரிட்டில் பருப்புச் சூப்பை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் தாய், அந்த 'த்'தையும் விழுங்கி 'சென்தாஓஸ்' என்றாக வேண்டும். பலரும் சொல்வது 'சென்தாரோஸ்'. அகாதெமிக்கு இது ஆகாது. 304 ஆண்டு நிறுவன வாழ்வுக்குப் பின், 2017இல், 'போய்விடுங்கள்' என்னும் ஒரே வினைக்கு மட்டும் 'ஈரோஸ்' என்ற ரகர வடிவத்தை விட்டுக்கொடுத்தது. விதித்த 'ஈதோஸ்' மக்கள் வாயில் ஏறவில்லை. அதுவோ ஒழுங்கற்ற வினை, நம் எல்லைக்குப் புறம்பு.

பிள்ளைகள் பிழையான ஏவலுக்கே உட்கார்ந்து சூப்பையும் குடித்துவிட்டார்கள். இது விதிவிலக்காகக் கொள்ளப்படும்.